பகா எண்ணும் அரசுக் கையொப்பமும்

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைவீதியை அடுத்துள்ளது வலியசாலை. ‘பெரிய சாலை’ என்பது இப்பெயரின் பொருள். தமிழ் பேசும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் இங்கு உள்ளன. பண்டைய காந்தளூர்ச் சாலை இவ்விடத்திலேயே இருந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள பார்த்திவபுரத்தில் 95 மாணவர்களுக்காக ஒரு சாலையை நிறுவினான். அப்போது காந்தளூர்ச் சாலையின் ஒழுங்கையே முன்மாதிரியாகக் கொண்டான் என்று அவனது செப்பேடு தெரிவிக்கிறது. பதினொரு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஆவணம் சான்றாக நின்று பேசுகிறது.

அதே வலியசாலையில் இன்று வாழும் மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். நவம்பர் மாதம் பிறந்ததும், தாம் உயிருடன் இருப்பதற்கான சான்றினை அவர் அளித்தாக வேண்டும். முன்பு வங்கிக்கு நேரில் சென்று அதிகாரியின் முன்னிலையில் கையொப்பமிட வேண்டியிருந்தது. 2014 நவம்பர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘ஜீவன் பிரமாண்’ திட்டத்தின்படி, ஒரு சிறு கருவியின்மீது விரலை வைத்தாலே போதும். ஆதார் ஆணையத்தின் தொழில்நுட்ப விதிகளின்படி, அக்கைரேகை விவரம் ஒரு தற்காலிகத் திறவுகோலால் மறைக்கப்படுகிறது. அத்தற்காலிகத் திறவுகோல், 2048 பிட் நீளமுள்ள பொதுத் திறவுகோல் ஒன்றினால் பூட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. சாதாரண முறையில் எழுதினால் 617 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் அது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிப் பெறப்பட்டதே அந்த எண்.

செப்பேட்டின் நம்பகத்தன்மை செம்பின் உறுதியையும் அரச முத்திரையையும் சார்ந்திருந்தது. இன்றைய மின்னணு ஆவணத்தின் நம்பகத்தன்மை பகா எண்களின் ஒரு குறிப்பிட்ட இயல்பைச் சார்ந்திருக்கிறது. அவ்வியல்பு யாது, அதில் நிரூபிக்கப்பட்டது எவ்வளவு, நம்பிக்கையின்மீது நிற்பது எவ்வளவு என்பதை மாணவரும் நிர்வாகத்தினரும் அறிந்திருத்தல் நலம்.

குறைவற்ற கையிருப்பு

ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றிற்கு மேற்பட்ட முழு எண்ணே பகா எண் ஆகும். 2, 3, 5, 7, 11, 13 என்பன அவ்வகையில் முதலில் வருபவை. இவை முடிவற்றவை என்பதை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். எண்கள் பெரிதாகப் பெரிதாகப் பகா எண்கள் அருகி வருகின்றன. ஆனால் மிக மெதுவாகவே அருகுகின்றன. 1896இல் நிறுவப்பட்ட பகா எண் தேற்றத்தின்படி, 309 இலக்க அளவிலுள்ள எண்களிடையே ஏறத்தாழ 710 எண்களுக்கு ஒன்று பகா எண்ணாக இருக்கும். இரட்டை எண்களை ஒதுக்கிவிட்டால் 355 எண்களுக்கு ஒன்று கிடைக்கும். ஆகவே நாட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பகா எண்களை வழங்கினாலும் கையிருப்பு குறையாது.

2024 அக்டோபரில், இதுவரை அறியப்பட்டவற்றுள் மிகப் பெரிய பகா எண் கண்டறியப்பட்டது. 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி அதிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவது அது. அதற்கு 4 கோடியே 10 லட்சத்து 24 ஆயிரத்து 320 இலக்கங்கள் உள்ளன. இத்தகைய எண்கள் கணிப்பொறிகளின் ஆற்றலைச் சோதிப்பதற்கும் கணித ஆராய்ச்சிக்கும் உதவுவன. பூட்டுகளுக்கு உதவுவன அல்ல. உலகறிந்த எண் இரகசியம் காக்காது. நிர்வாகத்திற்கு வேண்டியது, எவரும் இதற்குமுன் கண்டிராத, தற்செயலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, முந்நூறு இலக்க அளவிலான பகா எண்ணே ஆகும்.

காரணி காணாமலே அறிதல்

அவ்வளவு பெரிய எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்தபின், அது பகா எண்தான் என்று எவ்வாறு அறிவது? 2, 3, 5 என்று ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கும் பள்ளிக்கூட முறை இங்கே பயன்படாது. புலப்படும் பேரண்டத்திலுள்ள அணுக்களின் எண்ணிக்கையே 80 இலக்க அளவினதுதான். வகுக்க வேண்டிய எண்களின் எண்ணிக்கையோ அதனைப் பன்மடங்கு விஞ்சியது. எனவே பகா எண்ணுக்கே உரிய அடையாளம் ஒன்றினை நாட வேண்டியுள்ளது.

அவற்றுள் ஒன்று வில்சன் தேற்றம். ஒரு பகா எண்ணுக்கு முந்தைய எண் வரையுள்ள அனைத்தையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அத்தொகை அப்பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். 7-ஐ எடுத்துக்கொண்டால், 1 முதல் 6 வரை பெருக்க 720. ஒன்றைக் கூட்ட 721. அது 7 × 103 ஆகும். பகு எண் எதுவும் இச்சோதனையில் தேறாது.

இத்தேற்றத்தைச் சார்ந்த கேள்வி ஒன்று, திருவனந்தபுரத்துடன் தொடர்புடைய ஒரு கணித மேதையின் பெயரை நிலைநிறுத்தியுள்ளது. குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபின் 1941இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பின்னர் கல்கத்தா சென்றார். ஓர் எண் வரையிலான தொடர்பெருக்கத்துடன் ஒன்றைக் கூட்டிய தொகையை வகுக்கும் பகா எண் எதுவும், அந்த எண்ணால் வகுக்கப்படும்போது ஒன்றையே மீதியாகத் தருமா என்று அவர் வினவினார். அவ்வாறு இருக்க வேண்டியதில்லை என்பதற்கு 23 சான்றாகிறது. 1 முதல் 18 வரை பெருக்கி ஒன்றைக் கூட்டிய தொகை 23-ஆல் வகுபடும். ஆயினும் 23-ஐ 18-ஆல் வகுத்தால் மீதி 5. இத்தகைய எண்கள் இன்று ‘பிள்ளை பகா எண்கள்’ என்று வழங்குகின்றன. 1950 ஆகஸ்டில் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் கெய்ரோவுக்கு அருகே நிகழ்ந்த விமான விபத்தில் பிள்ளை உயிரிழந்தது இந்தியக் கணிதத்திற்குப் பேரிழப்பாகும்.

வில்சன் தேற்றம் அழகானதாயினும் பெரிய எண்களுக்குப் பயன்படாது. அத்தனை எண்களையும் பெருக்குவது, வகுத்துப் பார்ப்பதைவிடக் கடினம். நடைமுறைக்கு உதவுவது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கண்ட மற்றோர் இயல்பாகும். 2-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணாயினும், அதற்கு ஒன்று குறைவான அடுக்கிற்கு 2-ஐ உயர்த்தி அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி ஒன்றாகவே இருக்கும். 7-க்கு 2-இன் 6ஆம் அடுக்கு 64. 7-ஆல் வகுக்க மீதி 1. இப்போது 15-ஐச் சோதிப்போம். 2-இன் 7ஆம் அடுக்கு 128. 15-ஆல் வகுக்க மீதி 8. அந்த 8-ஐத் தன்னால் பெருக்க 64, மீதி 4. ஆகவே 2-இன் 14ஆம் அடுக்கின் மீதி 4, ஒன்று அல்ல. எனவே 15 பகா எண் அன்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 15 பகு எண் என்று துணிந்தோம். ஆனால் 3, 5 என்ற காரணிகள் இக்கணக்கில் எங்கும் தலைகாட்டவில்லை. மேலும், மீதியை மட்டும் தன்னால் பெருக்கிச் செல்வதால் 309 இலக்க எண்ணுக்கும் ஏறத்தாழ ஈராயிரம் பெருக்கல்களுக்குள் விடை கிடைத்துவிடும். கணிப்பொறிக்கு இது கண்சிமிட்டும் நேர வேலை.

காரணியின்றி அறிவதற்கும் காரணியைக் கண்டுபிடிப்பதற்கும் உள்ள தொலைவை வரலாறே காட்டுகிறது. 2-இன் 67ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகா எண் அன்று என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கா 1876இல் காட்டினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்பதை அமெரிக்கப் பேராசிரியர் கோல் 1903இல்தான் வெளியிட்டார். ஒரே எண்ணைப் பற்றிய இவ்விரு விடைகளுக்கும் இடையே 27 ஆண்டுகள் கழிந்தன.

கான்பூர் தந்த விடை

ஃபெர்மா சோதனையில் ஒரு குறை உண்டு. பகு எண்கள் சில அதில் தேறிவிடுகின்றன. 561 என்பது 3 × 11 × 17. ஆயினும் அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைக் கொண்டு சோதித்தாலும் அது பகா எண்போலவே நடந்துகொள்கிறது. இக்குறையை நீக்கி மில்லர் 1976இலும் ராபின் 1980இலும் அளித்த சோதனையே இன்று பெரிதும் வழக்கிலுள்ளது. அதில் தற்செயலாக எடுத்த எண்ணைக் கொண்டு ஒருமுறை சோதித்தால், பகு எண் தப்பிவிடும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேற்படாது. இருபது முறை சோதித்தால் அவ்வாய்ப்பு ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைந்துவிடும்.

நடைமுறைக்கு இது போதும். ஆனால் தற்செயலை நம்பாமல், நிரூபிக்கப்படாத எந்த ஊகத்தையும் துணைக்கொள்ளாமல், எல்லா எண்களுக்கும் விரைவாக முடிவு கூறும் வழி உண்டா என்ற வினா நெடுங்காலம் நீடித்தது. 2002 ஆகஸ்டில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பட்டப் படிப்பை முடித்திருந்த அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அதற்கு விடை கண்டனர்.

அவர்கள் பற்றிய இழை பழமையானது. பிங்கலரின் யாப்பு நூலுக்குப் பத்தாம் நூற்றாண்டில் உரையெழுதிய ஹலாயுதர் விளக்கிய ‘மேரு பிரஸ்தாரம்’ என்ற எண் முக்கோணத்தில், ஐந்தாம் வரிசை 1, 5, 10, 10, 5, 1 என அமையும். இரு முனைகளிலுமுள்ள ஒன்றுகளை நீக்கினால் எஞ்சியவை யாவும் 5-ஆல் வகுபடுகின்றன. ஆறாம் வரிசையில் 1, 6, 15, 20, 15, 6, 1 என வரும். 15, 20 ஆகியவை 6-ஆல் வகுபடுவதில்லை. 5 பகா எண், 6 பகு எண் என்பதே காரணம். பெரிய எண்ணுக்கு முழு வரிசையையும் எழுத இயலாது. அதனைச் சிறியதொரு கோவையால் வகுத்த மீதியாகச் சுருக்கிச் சோதித்தாலே போதும் என்று அவர்கள் நிறுவினர். இவ்வாய்வுக்கு 2006இல் கோடல் பரிசும் ஃபுல்கர்சன் பரிசும் கிடைத்தன. பகா எண்ணை அறிதல் எளிது என்பது இதனால் ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது.

பூட்டும் திறவுகோலும்

எளிதாக அறியலாம், ஆனால் பகுப்பது அரிது என்ற இடைவெளியையே 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் பூட்டாக மாற்றினர். சிறிய எண்களில் அதன் அமைப்பைக் காணலாம்.

அதிகாரி ஒருவர் 5, 11 என்ற இரு பகா எண்களை இரகசியமாகத் தேர்ந்தெடுக்கிறார். அவற்றின் பெருக்கம் 55. இதனையும் 3 என்ற எண்ணையும் பொதுத் திறவுகோலாக உலகறிய வெளியிடுகிறார். தனித் திறவுகோலை அடைய ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்க வேண்டும்: 4 × 10 = 40. 3-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் ஒன்றை மீதியாகத் தரும் எண் 27; ஏனெனில் 3 × 27 = 81. இவ்வெண்ணைக் கண்டறியும் முறை, 499இல் ஆரியபட்டர் கூறிய ‘குட்டகம்’ என்னும் கணக்கேயாகும்.

ஆவணத்தின் சுருக்க எண் 2 என்று கொள்வோம். அதிகாரி 2-ஐ 27ஆம் அடுக்கிற்கு உயர்த்தி 55-ஆல் வகுத்த மீதியைக் காண்கிறார். அது 18, அதுவே அவருடைய கையொப்பம். அதனைச் சரிபார்க்க விரும்பும் எவரும் 18-ஐ மூன்று முறை பெருக்கினால் 5832 கிடைக்கும். 55-ஆல் வகுக்க மீதி 2. ஆவணம் அதிகாரியுடையதே. இடையில் எவரேனும் ஆவணத்தைத் திருத்தியிருந்தால் அதன் சுருக்க எண் மாறிவிடும், கையொப்பம் பொருந்தாது. 3, 55 ஆகியவற்றை அறிந்தவர் 27-ஐ அடைய வேண்டுமாயின் 40 தெரிய வேண்டும். அதற்கு 55-ஐப் பகுக்க வேண்டும். 55-ஐப் பகுப்பது சிறுவர்க்கும் எளிது. 617 இலக்க எண்ணைப் பகுப்பது இன்றைய கணிப்பொறிகளுக்கு இயலாதது.

இவ்வாறு இரு வேறு திறவுகோல்கள் கொண்ட முறையில் இடப்படும் மின்னணுக் கையொப்பத்திற்கு 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் சட்ட ஏற்பு அளித்தது. சான்றளிக்கும் நிறுவனங்களைக் கண்காணிக்கக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரும் அச்சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டார்.

எவ்வளவு காலம் தாங்கும்?

பகுப்பது அரிது என்பது அனுபவத்தால் அறிந்த உண்மையே தவிர, நிரூபிக்கப்பட்ட தேற்றம் அன்று. 1977இல் சவாலாக விடுக்கப்பட்ட 129 இலக்க எண், நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களின் கணிப்பொறிகளைக் கொண்டு 1994இல் பகுக்கப்பட்டது. 2020இல் 250 இலக்க எண் ஒன்று பகுக்கப்பட்டது. 617 இலக்கம் இன்னும் வெகு தொலைவில் உள்ளது என்றாலும், எல்லை நகர்ந்துகொண்டே வருகிறது.

பூட்டை உடைக்காமலே திறக்கும் வழியும் உண்டு. இரு அலுவலகங்கள் கவனக்குறைவால் ஒரே பகா எண்ணைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். ஒன்றின் பொது எண் 55, மற்றதன் பொது எண் 77. எதனையும் பகுக்க வேண்டியதில்லை. இரண்டிற்கும் மீப்பெரு பொதுக் காரணி கண்டால் 11 வெளிப்பட்டுவிடும். இரு பூட்டுகளும் ஒருங்கே திறந்துகொள்ளும். இக்கணக்கு எவ்வளவு பெரிய எண்களுக்கும் விரைவாக முடிவது. 2012இல் இணையத்தில் வழங்கிய பல லட்சம் பொதுத் திறவுகோல்களைச் சோதித்த ஆய்வாளர்கள், ஆயிரக்கணக்கானவற்றை இவ்வழியில் திறக்க முடிந்ததைக் கண்டனர். சில கருவிகள் பகா எண்ணைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கத் தவறியதே காரணம்.

மூன்றாவது அபாயம் குவாண்டம் கணிப்பொறி. போதிய ஆற்றலுள்ள அத்தகைய கணிப்பொறி அமையுமானால் பகுத்தலும் எளிதாகிவிடும் என்பதைப் பீட்டர் ஷோர் 1994இல் காட்டினார். பெரிய பகா எண்ணின் மீதிகளைக் கொண்டு இயங்கும் நீள்வட்ட வளைவரை முறையும் இதற்கு விலக்கன்று. இதனை எதிர்நோக்கி அமெரிக்கத் தர நிறுவனம் 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரங்களை வெளியிட்டது. இந்திய அமைச்சரவையும் 2023 ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடி மதிப்பில் தேசிய குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்தது.

நிர்வாகத்திற்கான படிப்பினை

இவற்றிலிருந்து நிர்வாகத்தினர் கொள்ள வேண்டிய படிப்பினைகள் மூன்று.

முதலாவதாக, கையொப்பத்தின் வலிமை முழுவதும் தனித் திறவுகோலின் இரகசியத்தில் அடங்கியுள்ளது. கையொப்பச் சாதனத்தையும் அதன் கடவு எண்ணையும் உதவியாளரிடம் ஒப்படைத்துவிடும் வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. 617 இலக்க எண்ணின் காவலை நான்கு இலக்கங்களுக்குத் தாழ்த்துவது அது. அவ்வழியில் இடப்பட்ட கையொப்பத்தைக் கணிதம் காக்காது.

இரண்டாவதாக, கையொப்பத்தின் ஆயுளை ஆவணத்தின் ஆயுளோடு ஒப்பிட்டு நோக்க வேண்டும். ஓய்வூதியரின் வாழ்வுச் சான்று ஓராண்டுக்கே செல்லும். நில உரிமைப் பத்திரமும் பிறப்புப் பதிவும் தலைமுறைகளைக் கடந்து நிற்க வேண்டியவை. பழைய பூட்டு நலிவதற்கு முன்பே புதிய முறையில் மீண்டும் கையொப்பமிட்டு, நாளும் நேரமும் குறித்துப் பாதுகாக்கும் ஏற்பாடு அவற்றிற்கு இன்றியமையாதது.

மூன்றாவதாக, சான்று ஓராண்டில் காலாவதியாகும்; கைரேகை காலாவதியாகாது. இன்று மறைத்து அனுப்பப்படுவதைச் சேமித்து வைத்துப் பிற்காலத்தில் திறக்க முயல்வோர் இருக்கக்கூடும். திறவுகோலை மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்றிக்கொள்ள இயலாது. ஆகவே உடற்கூறு அடையாளங்களைக் கையாளும் துறைகளே புதிய முறைகளுக்கு முதலில் மாற வேண்டும்.

வலியசாலையின் முதியவர் விரலை வைத்த சில கணங்களில் சான்று பதிவாகிவிடுகிறது. அதற்குப் பின்னே நிற்கும் எண்ணை அவர் காண்பதில்லை. காண வேண்டியதும் இல்லை. அந்த எண்ணைத் தேர்ந்தெடுப்பவரும் காப்பவரும் அதன் வலிமையோடு அதன் வரம்பையும் அறிந்திருப்பதே, அவர் அரசின்மீது வைத்த நம்பிக்கைக்குச் செய்யும் கைம்மாறு ஆகும்.